கிளட்ச் போனது, நேர்கோடும் போனது

கிளட்ச்தானே மாற்றினேன்! கார் ஏன் இடது பக்கம் இழுக்கிறது? கிளட்சுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒரே வீட்டில் குடியிருக்கும் சம்பந்தம். முன்சக்கர இயக்கக் காரில் கிளட்சைத் தொட கியர்பாக்ஸை இறக்கணும். அதற்கு டிரைவ் ஷாஃப்ட்டை உருவணும், பல மாடல்களில் சப்ஃபிரேமையே கழற்றணும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மாட்டியிருப்பது அதில்தான். திரும்ப மாட்டும்போது சப்ஃபிரேம் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், ஒரு சக்கரத்தின் சாய்வு (கேம்பர்) கூடும், மற்றதில் குறையும்; கார் ஒரு பக்கம் இழுக்கும். கழற்றும் முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அலைன்மென்ட் செய்தாச்சு. இப்பவும் இழுக்கிறதே?

டோவை (சக்கரம் உள்ளே-வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் திருகி பில் போட்டிருப்பார்கள். கேம்பர், கேஸ்டர் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் முன்னால் இலவச வைத்தியம் ஒன்று: முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில் சுழலும் வகை டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்.

'ஓட்ட ஓட்டச் சரியாகிடும்' என்கிறாரே மெக்கானிக்?

யாருக்கு, டயர் கடைக்காரருக்கா?

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் கார் நடுங்குகிறது, காலை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. இதற்கும் அலைன்மென்ட்தானா?

இல்லை. உருவி மாட்டிய டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் மறுபடி அலைன்மென்ட் மெஷினை ஆன் செய்வதற்குள்.