சீருடை இலக்கணம்: காலப் படலம்

சீருடை, காலம் பற்றி மூவகைப்படும்: எதிர்காலச் சீருடை, நிகழ்காலச் சீருடை, இறந்தகாலச் சீருடை. நிறம் பற்றிப் பிரிப்பாரும் உளர். காக்கியும் வெள்ளையுமாக இருந்த அரசுப் பள்ளிச் சீருடை பலமுறை நிறம் மாறிவிட்டதால் அவர் கொள்கை வழக்கொழிந்தது.

எதிர்காலச் சீருடையாவது, இன்னும் வந்து சேராத ஒரு பிள்ளைக்காகத் தைக்கப்படுவது. "வளர்ற புள்ள, தாராளமா வைங்கண்ணே" என்று ஜூன் மாதத்தில் தாய்மார் தையல்காரரிடம் ஓதும் மந்திரத்தில் இது பிறக்கும். டவுசர் முழங்காலைத் தாண்டும். பாவாடையின் அடியில் நாலு விரற்கடை மடிப்பு ஒளிந்திருக்கும். அணிந்தவன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுவான். அரைஞாண் கயிறு பெல்ட்டாகப் பதவி உயர்வு பெறுவதும் இவ்விடத்தேதான்.

நிகழ்காலச் சீருடை காலாண்டுத் தேர்வை ஒட்டிச் சில நாள் தென்படும் என்பர். யாம் கண்டிலேம்.

இறந்தகாலச் சீருடையே ஆராய்ச்சிக்கு உகந்தது. மடிப்பைப் பிரித்து இறக்கிய பாவாடையில், வெளுக்காத பழைய நீலம் பட்டையாகத் தெரியும். இரண்டு முறை இறக்கியிருந்தால் இரண்டு பட்டை. அவற்றை எண்ணி எத்தனையாவது வகுப்பு என்று சொல்லிவிடலாம். பையன்களிடத்தில் இது பின்புறம் தேய்ந்து கிழிந்து 'தபால்பெட்டி' ஆகும். இறந்தகாலம் தம்பியைச் சேர்ந்தால் மீண்டும் எதிர்காலமாகும். தமிழ் வினைச்சொற்களுக்கும் வாய்க்காத சிறப்பு இது.

இனிப் பயன். வகுப்பறைக்குள் ஏழை, பணக்காரன் தெரியக்கூடாது என்றுதான் காமராசர் ஆட்சியில் (1954–63) இலவசச் சீருடை வந்தது. இன்றும் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 4 செட். தைத்துக் கொடுப்பவை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். இதை எள்ளுவோர் ஒரே சட்டையில் ஓராண்டை ஓட்டியவர் அல்லர். ஆயினும் பிள்ளைகளின் கண் சும்மா இராது. சட்டை ஒன்றானால் செருப்பைப் பார்க்கும். தனியார் பள்ளிகள் ஷூ, சாக்ஸ், டை வரை அடைத்துவிட்டதால் அங்கே ஆராய்ச்சி வாட்டர் பாட்டிலுக்கு ஏறியது.

புறனடை: பிறந்தநாளன்று 'கலர் டிரஸ்' அனுமதிக்கப்படும். அன்று அம்மாணவன் மூவகையிலும் அடங்கான்; சாக்லேட் பையோடும் துணைக்கு ஒரு நண்பனோடும் வகுப்பு வகுப்பாக உலா வருவான். அத்துணைவன் யார் என்பதில் எழும் பூசல் தனிப் படலமாக விரியும்.

மே மாதத்தில் பிறந்தார்க்கு இவ்விதி உதவாது. அவர் தீபாவளி கழிந்து பள்ளி திறக்கும் நாளில் புதுச்சட்டையோடு வந்து, "யூனிஃபார்ம் காயல சார்" என்பர். ஐப்பசி மழையாதலின் ஆசிரியரும் மறுக்கார்.