தட்டு காலி, தம்பட்டம் பெருசு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. கையில இருக்க அந்தப் போனைக் கவுத்து வையி. அமெரிக்காவுல பிக்கப் வண்டிப் பந்தயம் ஓடுதுன்னு விடிஞ்சதுலயிருந்து வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்க. நானும் உன் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வண்டித் தட்டுல என்ன சரக்குலே ஏத்தியிருக்கான்?

ஒரு மண்ணும் இல்ல. மேல மூடி வேற போட்டு அடைச்சு வச்சிருக்கான். சரக்கு ஏத்தத்தான் அந்த வண்டிக்கே தட்டுன்னு ஒண்ணு வச்சான். அதை மூடிப்புட்டு ஓட்டுறதுக்கு இவ்வளவு ஆரவாரமா?

நம்ம ஊரு குட்டி யானை வண்டி 2005-ல வந்துச்சு. வந்த நாள்லயிருந்து அது சும்மா நின்னு நான் பாத்ததில்ல. விடியக்கருக்கல்ல தருவைகுளத்து மீன். வெயில் ஏறினா உப்பு மூட்டை. சாயங்காலம் கல்யாண வீட்டுப் பந்தல் சாமான். ராத்திரி கோயில் கொடைக்கு மைக் செட்டு. அதுக்கு யாராவது கொடி ஆட்டினானா? கோப்பை குடுத்தானா? பின்னால வர்றவன் ஹாரன் அடிக்கான், அவ்வளவுதான்.

சரி, அந்த அமெரிக்கக் கதையையும் கேட்டுக்கோ. உனக்குப் படம் பாக்கத்தான் தெரியும், பூர்வோத்திரம் தெரியாதுல்லா? அங்க பாலைவனத்துல புழுதி கெளப்பி வண்டி ஓட்டிக்கிட்டிருந்த நாலு பேரு நாஸ்காருங்கற பந்தயக் கம்பெனிக்காரனைப் போயிப் பாத்தான். 'காரு ஓடுதே, பிக்கப்பும் ஓடட்டுமே'ன்னு கேட்டான். 1994-ல சும்மா ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பாத்தாங்க. 1995 பிப்ரவரி 5-ந் தேதி அரிசோனாவுல பீனிக்ஸ்ங்கற ஊருல மொத நெசப் பந்தயம். மைக் ஸ்கின்னர்னு ஒருத்தன் ஜெயிச்சான். அந்த வருசத்துப் பட்டமும் அவனுக்கே போச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி வேற. ஆரம்ப காலத்துல பந்தயத்தைப் பாதியில நிறுத்திப்புடுவான். பத்து நிமிசம் இடைவேளை. டயர் மாத்தலாம், எண்ணெய் ஊத்தலாம், மூஞ்சி கழுவலாம். என்னத்துக்குன்னா, அவன் ஓட்டுன சின்னச் சின்னக் களத்துல பாதிக்கு வண்டியை ஓரங்கட்டி வேலை பாக்க ஒழுங்கான எடம் கெடையாது. எடம் இல்லையா, எல்லாரும் ஒண்ணா நில்லு, ஒண்ணாப் பொறப்படு. புத்தியுள்ள பய. பொறவு துட்டு சேந்துச்சு. துட்டு சேந்ததும் இடைவேளையைத் தூக்கிட்டான். பெரிய மனுசன் ஆயிட்டாம்லா, டீ குடிச்சாக் கௌரவம் கொறைஞ்சிரும்.

மார்டின்ஸ்வில்னு ஒரு களம் இருக்கு. 1995-லயிருந்து வருசம் தப்பாம அங்க பிக்கப் ஓடுது. ஒரு சுத்து முழுசா ஒரு கிலோமீட்டர் கூடத் தேறாது, அரை மைலுக்குச் சித்த கூட. அதையே எரநூறு தடவை சுத்துவான். செக்கு மாடு சுத்துனா எண்ணெயாவது வரும். இவன் சுத்தி எண்ணெயைக் காலி பண்ணுதான்! ஜெயிச்சவனுக்கு என்ன குடுக்கான் தெரியுமா? ஆளுயரக் கடியாரம். இம்புட்டு அவசரமா ஓடி வந்தவனுக்குக் கடியாரம். அவனுக்கும் நையாண்டி தெரியும்போல.

நம்ம தேசத்துலயும் இது வராம இல்ல. 2014-ல டாடாக்காரங்க பெரிய லாரியையே பந்தயத்துல விட்டாங்க. தில்லிக்குப் பக்கத்துல, கிரேட்டர் நொய்டாவுல. லாரி நம்ம லாரி, ரோடு நம்ம ரோடு, ஓட்டுனது மட்டும் வெளிநாட்டுக்காரன். ராத்திரி பகலா மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் சரக்கு ஓட்டுறவன் கண்ணுல படலையாம். ரெண்டு வருசம் கழிச்சு ஞானம் பொறந்து, நம்ம டிரைவர்மாருக்குப் பயிற்சி குடுத்து, 2016-ல ஏத்திவிட்டான். அடுத்த வருசம் ஆயிரம் குதிரைச் சக்தி லாரியும் வந்துச்சு. ஆயிரம் குதிரை! பின்னால இழுக்க ஒரு வெங்காய மூட்டை கெடையாது.

அதே களத்துலதான் 2011-ல ஃபார்முலா ஒன்னு மொதமொதல்ல ஓடுச்சு. கோடி கோடியாக் கொட்டிக் கட்டின ரோடு. மொத நாளு, மொதப் பயிற்சி. வெளிநாட்டுக்காரன் எல்லாம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நிக்கான். யாரு வந்தா? ஒரு தெருநாயி. அதுபாட்டுக்குக் களத்துல நடந்து வருது. செவப்புக் கொடியைக் காட்டி எல்லா வண்டியையும் நிறுத்திப்புட்டான். அதுக்கு வேகம் எம்புட்டுன்னு தெரியுமா, டிக்கெட் எம்புட்டுன்னு தெரியுமா? மூணே வருசம். 2013-ஓட அந்தப் பந்தயம் கடையைக் கட்டிருச்சு. ஏம்னு கேளு. இது விளையாட்டா, கேளிக்கையான்னு வரி போடுறவங்களுக்கும் நடத்துறவனுக்கும் தகராறு. விளையாட்டுன்னா ஒரு வரி, கேளிக்கைன்னா ஒரு வரி. என்னையக் கேட்டிருந்தா, அந்த நாய்க்கு அது ரெண்டும் இல்லன்னு சொல்லியிருப்பேன்.

மெட்ராஸ்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? சண்டைக் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சோழவரத்துல சும்மா கெடந்துச்சு. அதுலயே வண்டி ஓட்டிப் பழகினான், அது சிக்கனம். பொறவு இருங்காட்டுக்கோட்டையில தனிக்களம் கட்டினான், அதுவும் சரி. பிந்தி தீவுத்திடலைச் சுத்தி ஊருக்குள்ள, ராத்திரியில, வெளக்குப் போட்டு, மூணரைக் கிலோமீட்டர் ரோட்டுல காரு விடணும்னு ஆசை வந்துட்டு. 2023 டிசம்பர்ல நாள் குறிச்சான். மிக்ஜாம் புயல் வந்து ஊரையே முக்கிட்டு. 2024 ஆகஸ்டு 31-ன்னு மறுபடி குறிச்சான். அன்னைக்கு மழை. களம் பத்திரமா இருக்குன்னு எஃப்.ஐ.ஏ.ங்கற ஒலகக் கார்ப் பந்தயச் சங்கம் சான்றிதழ் தரணும், அது வரல. கோர்ட்டு வரைக்கும் போயி நேரம் வாங்கிக் காத்துக் கெடந்து, இருட்டுன பொறவுதான் வண்டியைக் கெளப்பினான்.

நீ இதுக்குச் சிரிக்காத. நம்ம ஊருக்குச் சிரிக்கத் தகுதி கெடையாது. வெள்ளைக்காரன் காலத்துல இங்க முத்துக் குளிக்கப் போவணும்னா கடல்கட்டி வரணும். அவன் மந்திரம் சொல்லிச் சுறா வாயைக் கட்டினாத்தான் குளியாளு கடல்ல எறங்குவான். ஞாயித்துக்கெழமை தவறாம கோயிலுக்குப் போயிச் சிலுவை போடுறவனும் அப்பிடித்தான், கடல்கட்டி இல்லாம கால் நனைக்க மாட்டான். அதைப் பாத்துட்டு, எல்லாம் படிச்ச இங்கிலீசு சர்க்காரே கடல்கட்டிக்குப் படி அளந்துச்சு. சிப்பியிலயும் அவனுக்குப் பங்கு உண்டு. சான்றிதழ் குடுக்கவனுக்கு என்னைக்குமே காசுதாம்லே. கடல்கட்டியாவது தோணி போறதுக்கு முன்ன வந்து நிப்பான்.

சரி, இப்ப நம்ம வண்டிக்கு வா.

மே மாசம் பாஞ்சாலங்குறிச்சியில வீரசக்கதேவி கோயில் விழா. கட்டபொம்மன் கும்பிட்ட தெய்வம். அவரை 1799-ல வெள்ளைக்காரன் கயத்தாறுல தூக்குல போட்டான், 1801-ல கோட்டையைத் தரைமட்டம் ஆக்கினான், இப்ப நீ போயி செல்ஃபி எடுக்கியே, அந்தக் கோட்டை 1974-ல கட்டினது. அந்த விழாவுக்கு வருசா வருசம் மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. அங்க மட்டுமா? ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம்னு கரிசக்காடு முழுக்க எந்தக் கொடைக்குப் போனாலும் உண்டு. களம் கட்ட வேண்டாம். தார் ரோடு இருக்கு, போலீசு ரெண்டு பக்கமும் வண்டியை மறிச்சா முடிஞ்சுது. ஊரு ஒலகமெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆச்சு. பந்தய நோட்டீசுல மட்டும் இன்னமும் 'போக வர எட்டு மைல்'னுதான் போடுவான். மாட்டுக்குக் கிலோமீட்டர் தெரியாதுல்லா.

அதுலயும் வகை உண்டு. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு. பேரைச் சொல்லிப் பாரு, வாயி இனிக்கும். கன்னுக்குட்டி வயசுல இருக்கதைப் பெரிய மாட்டோட ஓடவிட மாட்டான். அதுக்குத் தேன்சிட்டுன்னு பேரு வச்சு, தூரத்தைக் கொறைச்சு, தனியா விடுவான். கொங்குநாட்டுப் பக்கம் வேற மாதிரி. அங்க தூரமே எரநூறு மீட்டர், முந்நூறு மீட்டர்தான். வண்டியை ஒவ்வொண்ணா விட்டு, விநாடி எண்ணி, பரிசுக்குத் தங்கக் காசு குடுப்பான். நீ கொட்டாவி விட்டு மூடுறதுக்குள்ள பந்தயம் முடிஞ்சிரும். எனக்கு நம்ம பக்கந்தான் ஒத்துவரும். பந்தயம்னா இடையில ஒரு வெத்திலை போட நேரம் வேணும்.

வண்டியைக் கிட்டப் போயிப் பாத்திருக்கியா? பாரவண்டி மாதிரி நெனச்சுக்கிடாத. ரெண்டு சக்கரம், ஒரு ஏர்க்கால், சாரதி குந்துறதுக்கு ஒரு சாண் எடம். அவ்வளவுதான். இன்னொருத்தன் பக்கத்துலயே ஓடி வருவான், குதிச்சு ஏறுவான், மறுபடி குதிப்பான். கயித்தை விட்டா ரோட்டுல தேச்சுக்கிட்டுப் போவ வேண்டியதுதான். ஓட்டுறவன் சட்டையில கம்பெனி பேரு கெடையாது, பாதி நேரம் சட்டையே கெடையாது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம். வீட்டுப் பிள்ளை 'எனக்கு'ன்னு கேட்டா 'நீயா ஓடப்போற?'ன்னு கேப்பான்.

நம்மாளும் யோக்கியன்னு சொல்ல வரல. ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைப்பான். அதுல தலைவரு, செயலாளரு, பொருளாளரு, அவன் மச்சினன், மச்சினன் பிள்ளைன்னு வரிசையாக் கைகூப்பிக்கிட்டு நிப்பான். மாட்டுப் படம் மூலையில ஸ்டாம்பு அளவுக்கு இருக்கும். கொடி ஆட்ட வர்ற பெரிய மனுசன் வெயில் ஏறினப்புறம் வருவான். அதுவரைக்கும் மாடு நொகத்தடியில நிக்கும். காலைப் பந்தயம்னு வச்சதே மாட்டுக்குச் சூடு ஆவாதுன்னுதான். இதை மைக்குல எவனாவது சொல்லுதானா? 'வந்துகொண்டே இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார்'ங்கான்.

வழக்குக் கதை தெரியுமா உனக்கு? ஜல்லிக்கட்டுத் தடைன்னதும் மெரினாவுல போயி நின்னியே, அது எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா? ராமநாதபுரம் சீமையில ஒருத்தர் கோயில் விழாவுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டு மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்குப் போனாரு. கேட்டது வண்டிக்கு மட்டுந்தான். 2006 மார்ச்சுல நீதிபதி பானுமதி அம்மா தீர்ப்புச் சொன்னாங்க. வண்டிப் பந்தயமும் கூடாது, ஜல்லிக்கட்டும் கூடாதுன்னுட்டாங்க. அவரு தன் வண்டிக்கு வழி கேக்கப் போயி, அலங்காநல்லூர் வாசலையும் சேத்து அடைச்சுட்டு வந்தாரு!

பொறவு அடுத்த வருசமே மேல உள்ள பெஞ்சு அதைத் தள்ளுச்சு, 2009-ல மாநிலம் சட்டம் போட்டுச்சு, 2011-ல மத்தியிலயிருந்து காளையை வேடிக்கை காட்டக் கூடாதுன்னு உத்தரவு, 2014 மே 7-ல சுப்ரீம் கோர்ட்டு மொத்தமா நிறுத்திப்புட்டு. 2017 ஜனவரியில நீங்க கடற்கரையில உக்காந்த பொறவு புதுச் சட்டம். 2023 மே 18-ல அஞ்சு நீதிபதி உக்காந்து, தமிழ்நாட்டு ஜல்லிக்கட்டு, கர்நாடகத்துக் கம்பளா, மராட்டியத்து மாட்டு வண்டி, மூணு சட்டமும் செல்லும்னாங்க. பதினேழு வருசம். இந்த மாடெல்லாம் வாயைத் தொறந்து பேசியிருந்தா பதினேழு நாள்ல முடிஞ்சிருக்கும்.

தடை போட்டவங்க மேலயே எல்லாப் பழியையும் போடாத. தார்க்குச்சி நுனியில ஆணி வச்சுக் குத்தினவன் இருந்தானா இல்லையா? இருந்தான். வாலைக் கடிச்சவனும் இருந்தான். ஓடத் தெரிஞ்ச மாட்டுக்கு அதட்டல் போதும். ஓடத் தெரியாத மாட்டை ஆணி வச்சுக் குத்தினா வலிக்கும், ஓட்டம் வராது. இது எங்க காலத்துல மாடு மேய்க்கிற பயலுக்கே தெரியும். தெரியாதவன் பணத்தைக் கட்டிட்டு வந்து நின்னான். அவனாலதான் எல்லாரும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாச்சு.

நீ பிக்கப் பிக்கப்னு பறக்கியே, பந்தயத்தன்னைக்கு விடியக்காலம் போயிப் பாரு. பந்தய மாடு அத்தனையும் எதுல வந்து எறங்குதுன்னு நெனைக்க? எல்லாம் பிக்கப்புலதான். தட்டுல மணலும் வைக்கோலும் பரப்பி, ரெண்டு மாட்டையும் தலைமாட்டுக் கம்பியில கட்டி, பக்கத்துல ஒரு ஆளு கழுத்தைத் தடவிக்கிட்டே வருவான். மதுரை, தேனி, சிவகங்கைன்னு எங்கிருந்தெல்லாமோ வருது. டிரைவர் பள்ளம் கண்டா எறங்கி நடக்காத கொறையா ஓட்டுவான். மாட்டுக்குக் கால் இடறிறக் கூடாதுல்லா. அந்த ஓட்டத்துக்கு ஆளுயரக் கடியாரம் குடுக்கலாம்லே, நான் ஆச்சேபணையே சொல்ல மாட்டேன்.

அடுத்த கொடைக்குப் போறியா? போ. பைக்கை ஊருக்கு வெளியவே நிறுத்து. வண்டிக்குப் பின்னால கூட்டமா முறுக்கிக்கிட்டுப் போறானுவளே, அந்தக் கோட்டிக்காரப் பயலுவளோட சேராத. மாட்டுக்குப் புகை ஆவாது, உனக்குக் கைகாலு தேறாது. பொறப்படுற எடத்துல நிக்காத, அங்க பெரிய மனுசன் முதுகுதான் தெரியும். முடியுற எடத்துலயும் நிக்காத, அங்க மைக்கு. எல்லைக்குப் போயி நில்லு, வண்டி திரும்புற எடத்துக்கு. வேகமா வந்த மாட்டை அந்த அகலத்துல மடக்கித் திருப்புறான் பாரு, அங்க தெரியும் எவன் சாரதி, எவன் கயித்தைப் பிடிச்சுத் தொங்குறவன்னு. படம் பிடிக்கணும்னா ஓரமா நின்னு பிடி. போனைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு நடுவுல வந்தியானா சாரதி ஒரு வசவு விடுவான். அது என்னன்னு இப்ப என்கிட்ட கேக்காத, உங்க ஆச்சி அடுக்களையில நிக்கா.