இரண்டரை ரூபாய்

15 ரூபாய்க்கு விற்கும் சரக்கை இரண்டரை ரூபாய்தான் பெறும் என்று ஒருவர் சொன்னால், எங்கள் இரும்பை கிராமத்துப் பக்கம் அவரை வியாபாரி என்போம். மும்பையில் அனலிஸ்ட் என்கிறார்கள்.

2024 செப்டம்பர் 6, விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள். வோடஃபோன் ஐடியா பங்கை விற்றுவிடச் சொல்லி கோல்ட்மேன் சாக்ஸ் அறிக்கை விட்டது. இலக்கு விலை இரண்டரை ரூபாய். இதிலும் ஒரு கருணை உண்டு. முன்பு 2 ரூபாய் 20 காசு என்றிருந்ததை 30 காசு ஏற்றியிருந்தார்கள். சந்தைக்கு அந்தக் கருணை புரியவில்லை. ஒரே நாளில் பங்கு 11 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.

எருக்கம்பூ மாலை வாங்கக் கிளம்பிய என் தாய்மாமன் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஏப்ரலில் கம்பெனி 18,000 கோடி ரூபாய் திரட்டியபோது, பங்கு 11 ரூபாய் வீதம் ஒரு லாட், அதாவது 1,298 பங்குகள் வாங்கிப் போட்டவர். மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்ந்தவர் என்பதால், அறிக்கையைப் படிக்காமலே மறுக்க அவரால் முடிந்தது.

“உப்பு வாங்க வர்றவன் இன்னா பண்ணுவான்? ஒரு கல்லை வாயில போட்டுக்கினு, மண்ணு நறநறங்குது, ஈரம் ஜாஸ்தின்னு மூஞ்சியைச் சுளிப்பான். சாயங்காலம் பார்த்தா அவனே லாரியோட நிப்பான். கீழ தள்ளி அள்ளப் பாக்குறான்டா!”

ஒரு பங்குகூட இல்லாத டீ மாஸ்டரும் ஆமோதித்தார். யூபிஎஸ் என்ற இன்னொரு நிறுவனம் 19 ரூபாய் வரும், வாங்கு என்று சொல்லியிருந்தது. அவன் எதற்காகச் சொல்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் படித்தவன்.

ஊர் ராசி அப்படி. கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாட, எங்கள் மாகாளேசுவரர் லிங்கமே மூன்றாக வெடித்தது என்பது கதை. செப்புத் தகடு சுற்றிய லிங்கத்தை இன்றும் பார்க்கலாம். இந்த மண்ணில் புல்கூட முளைக்காது என்று சபித்தவர், மன்னன் தன் காலில் விழுந்ததும், தூர தேசத்தார் வந்து பச்சையாக்குவார்கள் என்று ரேட்டிங்கை மாற்றிக் கொடுத்தாராம். 1968-ல் பக்கத்திலேயே ஆரோவில் வந்தது. சித்தர் வாக்கையே திருத்தி வாங்கிய ஊர் கோல்ட்மேனுக்கா அஞ்சும்?

அஞ்ச வேறு காரணங்கள் வந்தன. அதே செப்டம்பர் 19-ல், அரசுக்குக் கட்டவேண்டிய ஏஜிஆர் பாக்கிக் கணக்கைத் திருத்தக் கேட்ட கம்பெனியின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பங்கு மாமாவின் 11 ரூபாய்க்கும் கீழே போனது. 2025-ல், 36,950 கோடி ரூபாய் அலைக்கற்றைப் பாக்கிக்கு ஈடாகப் பங்குகளை எடுத்துக்கொண்ட மத்திய அரசு, ஏறத்தாழ 49 விழுக்காட்டுக்குச் சொந்தக்காரர் ஆனது. “பாத்தியா, கவர்மெண்டே நம்ம பார்ட்னரு” என்றார் மாமா. பார்ட்னர் வந்த வருஷம் பங்கு ஆறு ரூபாய்ச் சில்லறையைத் தொட்டுவிட்டு, ஆண்டு முடிவதற்குள் பத்தைத் தாண்டியது. இரண்டரை வரவில்லை என்று மாமா இன்றும் மார்தட்டுகிறார். 19-ம் வரவில்லை என்பதை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஒருநாள் அந்த கோல்ட்மேன் அறிக்கையின் சாரத்தை வாசித்துக் காட்டினேன். போட்டி நிறுவனங்கள் அதிகம் செலவிடுகின்றன, மூன்று நான்கு ஆண்டுகளில் சந்தை வருமானத்தில் வோடஃபோன் ஐடியாவின் பங்கு இன்னும் குறையும் என்று அதில் இருந்தது. மாமா பதில் சொல்லாமல் அன்றைய விலையைப் பார்க்க போனை எடுத்தார். அதிலிருந்தது வேறு கம்பெனி சிம்.

“மாமா, நீங்களே...”

“பேசுறதுக்கு ஒண்ணு, போட்டு வெக்கிறதுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே கம்பெனில வெச்சா ரிஸ்க்குடா.”