கேரியர் இயல்: ஒரு முன்னாய்வு

சங்க இலக்கியத்தில் சைக்கிளுக்குச் சான்று இல்லை. இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளும் துணிச்சல் தமிழ் ஆய்வுலகில் அரிது என்பதால், இக்கட்டுரைக்கு அந்தப் பெருமையாவது சேரட்டும். உறையூர் பஞ்சவர்ணசுவாமி கோயில் தூணில் ஒருவர் சைக்கிள் மிதிக்கும் சிற்பம் உண்டு. பழந்தமிழனே சைக்கிளைக் கண்டுபிடித்தான் என்று அதைக் காட்டிக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் செதுக்கியது என்று மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் விட்டுவிட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த வண்டிக்குக் கேரியர் உண்டா?

ஆய்வுக்களம் திருப்பூர். நேரம் காலை எட்டேகால். எட்டரைக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்ட். சிக்கல், கியர் சைக்கிளா சாதா சைக்கிளா என்பது.

நிறம்: ஆய்வுக்கு உரியதன்று.

பெல்: தொண்டை சரியில்லாதவர்களுக்கு.

மட்கார்டு: கியர் சைக்கிளில் பெரும்பாலும் இருக்காது. ஐப்பசி மழையில் பல்லடம் சாலையில் ஒருமுறை போய்வந்தால் வெள்ளைச் சட்டையின் முதுகில் நெட்டுக்க ஒரு செம்மண் கோடு விழும். சாயப்பட்டறைகூட இவ்வளவு கெட்டியாகச் சாயம் ஏற்றாது (ஆதாரம்: பஞ்சர் கடைச் சுவர், கரிக்கட்டி எழுத்து).

இனி கேரியர். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொவென்ட்ரியில் ரோவர் சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் உருண்டு வந்தது. இவர்கள் எல்லோரும் மனிதன் எங்கே உட்காருவான் என்று யோசித்தவர்கள். பண்டில் எங்கே உட்காரும் என்பதை யோசித்தது திருப்பூர்.

கட்டிங் முடிந்த பீஸ் ஓவர்லாக்குக்குப் போக வேண்டும். தைத்தது காஜா பட்டனுக்கு. பிறகு செக்கிங், அயர்ன். இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பது பெரிய கம்பெனியில். ஜாப் ஒர்க்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சந்தில். இடையில் ஓடுவது கேரியர். பண்டிலைச் சீட்டின் உயரத்துக்கு மேல் அடுக்கி, பழைய டியூப்பை இழுத்துக் கட்டுவார்கள். ஏறி உட்கார்ந்ததும் முன்சக்கரம் லேசாக எழும்பப் பார்க்கும். நெஞ்சை ஹேண்டில்பாரில் சாய்த்து அமுக்க வேண்டும். எடை முழுக்கப் பின்னச்சில் இறங்குகிறது. அச்சில் முறுக்கிய இரண்டு கம்பிகள்தான் அதைத் தாங்குகின்றன. கியர் சைக்கிள் பலவற்றில் அந்தக் கம்பியை முடுக்க ஓட்டையே கிடையாது. இருக்க வேண்டிய இடத்தில் டிஸ்க் பிரேக் உட்கார்ந்திருக்கும். இருபத்தொரு கியரும் சேர்ந்து ஒரு பண்டிலைத் தூக்காது (மேலது சுவர், வெள்ளையடிப்பதற்கு முந்தைய பாடம்).

அரசுக்கு இது தெரிந்திருக்கிறது. 2001-02இல் தொடங்கிய பள்ளி மாணவர் சைக்கிள் திட்டத்தில் முன்னால் கூடை, பின்னால் கேரியர். பிள்ளை ப்ளஸ் டூ முடித்ததும் அந்த வண்டி அப்பாவோடு கம்பெனிக்குப் போகும். இதைத் திட்டத்தின் எந்த மதிப்பீட்டில் எழுதுவது என்பது பொருளியல் துறையின் பாடு.

களப்பணியின்போது ஓர் இளைஞர் புது கியர் சைக்கிளுடன் பஞ்சர் கடைக்கு வந்தார். கடைக்காரர் கேட்டார்:

“ஏந்தம்பி, சோத்துப்போசிய எங்க மாட்டுவீங்க?”

“தோள்ல பை இருக்குதுங்ணா.”

“அப்ப பண்டிலு?”

இளைஞர் சாலையைப் பார்த்தார். அடுத்த வாரம் சீட்டுத்தண்டில் கிளாம்பு போட்டு ஒரு கேரியர் ஏறியது. பிறகு ஸ்டாண்டு. பிறகு மட்கார்டு. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இந்த வண்டியை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் ஆய்வுக்குழு பிளவுபட்டிருக்கிறது. சாதா என்கிறார் கடைக்காரர். இல்லை, கியர்தான் என்பது அவர் மச்சான் சொல்லும் பாடபேதம் (வாய்மொழி, டீ வாங்கிக் கொடுத்தால் மட்டும் கிடைப்பது, இரண்டாம் டம்ளருக்குப் பின் மாறக்கூடியது). மச்சான் இப்போது மூன்றாவது டம்ளரில் இருக்கிறார்.