முற்றமில்லாத அங்கன்வாடி

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 இடங்களில் தொடங்கியது. அதன் கடைக்கோடி அலுவலகம் அங்கன்வாடி. 'ஆங்கன்' என்றால் இந்தியில் முற்றம். சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் முற்றத்துக்கு எங்கே போவது? பல இடங்களில் ஒற்றை அறைதான். அதில் பாதியை சத்துமாவு மூட்டைகள் முன்பதிவு செய்திருக்கும்.

மீதிப் பாதியில் ஆறு சேவைகள் நடக்கின்றன: துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, தாய்மாருக்கான ஊட்டச்சத்துப் போதனை. ஏழாவதாக ஒன்று உண்டு, சேவைப் பட்டியலில் அது இல்லை: பதிவேடு எழுதுதல். இப்போது அது 'போஷன் டிராக்கர்' செயலியிலும் நடக்கிறது. எடைத் தராசில் ஏறிய குழந்தை இறங்க மறுத்து அழும். பணியாளர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசியை ஜன்னல் பக்கம் நீட்டி சிக்னல் தேடுவார். குழந்தையின் எடை ஏறுவது முக்கியம்தான். அதைவிட அவசரமாக, அந்த எடை செயலியில் ஏற வேண்டும்.

இவ்வளவுக்கும் மத்திய அரசின் கணக்கில் பணியாளர் அரசு ஊழியர் அல்லர், 'கௌரவப் பணியாளர்'. அந்தக் கணக்கில் அவர் பெறுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். அவருக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுவேலைக்குப் போகும் தாய் விடியலிலேயே கிளம்பிவிடுவார். மையம் அலுவலக நேரத்தில் திறக்கும். இடைப்பட்ட நேரத்துக்கு ஏழு வயது அக்காதான் காப்பகம். அவளுக்கு மதிப்பூதியமும் இல்லை.