மடக்கி வைத்த வீரம்

சட்டைப்பையில் மடக்குக்கத்தி வைத்திருக்கும் ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? யாராவது கூரியர் பார்சலைப் பிரிக்கத் தெரியாமல் டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தால் போதும், "நகருங்க, நகருங்க" என்று கை பைக்குள் போய்விடும். முகத்தில் நாட்டைக் காப்பாற்றக் கிளம்பிய களை. கத்தியை விரிப்பதற்குள் கட்டைவிரல் நகம் உடையும். அதற்குள் வீட்டம்மா சமையலறைக் கத்தரிக்கோலால் பார்சலைப் பிரித்து, கலர் பிடிக்கவில்லை என்று ரிட்டர்னும் போட்டிருப்பார்.

இத்தனைக்கும் இந்தக் கருவிக்கு விதிக்கப்பட்ட வேலை ரொம்பச் சின்னது. பென்சில் சீவலாம், மாங்காய் நறுக்கலாம், சணல் அறுக்கலாம். இறகால் எழுதிய காலத்தில் இறகின் முனையைச் சீவினார்கள். அவ்வளவுதான். ஆனால் சரித்திரத்தில் இதைக் கையில் எடுத்தவரும் சரி, இதனிடம் சிக்கியவரும் சரி, அந்த நிமிஷமே தன்னை ஒரு சைஸ் பெரிதாக நினைத்துக்கொண்டார். தன் சைஸ் தெரிந்து நடந்துகொண்டது கத்தி மட்டுமே.

கேம்ப்ரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் இருக்கிறது. அங்கே யாரோ ஒரு ரோமானியக் கனவானின் வெள்ளிச் சாமான் ஒன்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. கரண்டி, மூன்று பல் முள்கரண்டி, கத்தி, பல் குத்தும் குச்சி, ஊசிமுனைக் கம்பி, சட்டுவம் எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கம்பி எதற்காம்? நத்தையை ஓட்டிலிருந்து நோண்டித் தின்ன இருக்கலாம் என்கிறார்கள். அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் ஐம்பது வருஷத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட பேரரசர்கள் வந்து போனார்கள், பாதிப் பேர் தலையில்லாமல். நம்மவருக்குக் கவலை நத்தையைப் பற்றி.

கத்தியின் இரும்பு அலகைத் துரு தின்றுவிட்டது. பல்குச்சி பத்திரமாக இருக்கிறது.

இனி கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போவோம். 1757 ஜனவரி 5, வெர்சாய் அரண்மனை. எலும்பைக் கடிக்கிற குளிர். ஃப்ளூவில் படுத்திருந்த மகளைப் பார்த்துவிட்டு, பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி மாலை ஆறு மணி வாக்கில் கோச்சு வண்டியில் ஏறப் போகிறார். கூட்டத்திலிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்து விலாவில் ஒரு குத்து விட்டான். பெயர் தாமியான். பெரிய வீடுகளில் எடுபிடி வேலை பார்த்தவன். சுற்றி நின்ற அத்தனை பேரும் மன்னருக்காகத் தொப்பியைக் கழற்றி வைத்திருக்க, இவன் மட்டும் தொப்பியோடு நின்றான். ராஜாவைக் குத்தியவன் மேனர்ஸ் போதாமல் மாட்டினான்!

அவன் கையில் இருந்தது இரண்டு அலகு உள்ள மடக்குக்கத்தி. ஒன்று பெரியது. மற்றது பேனா சீவும் சின்ன அலகு, சுமார் மூன்று அங்குலம். ஒரு ராஜாவைக் குத்தப் போகும் ஆள் எதை விரிப்பான்? இவன் சின்னதை விரித்தான். கொல்ல வரவில்லை, மன்னருக்குப் புத்தி வரட்டும் என்று தொட்டுப் பார்க்கத்தான் வந்தேன் என்று விசாரணையில் சொன்னான். குளிருக்காக மன்னர் அடுக்கடுக்காகப் போட்டிருந்த உடுப்புகளும் சேர்ந்துகொண்டதால் குத்து நிஜமாகவே தொட்டுப் பார்த்ததோடு நின்றது.

யாரோ முஷ்டியால் குத்திவிட்டார்கள் என்றுதான் லூயி முதலில் நினைத்தார். கையை வைத்துப் பார்த்தால் ரத்தம். ஆளைப் பிடியுங்கள், கொல்ல வேண்டாம் என்று தெளிவாக உத்தரவு போட்டார். தன் காலாலேயே மாடிப்படி ஏறிப் போனார். மேலே போன பிறகுதான் சாவதென்று தீர்மானித்தார்.

அங்கேதான் கூத்து. அரசவை அப்போது பக்கத்திலிருந்த ட்ரியானான் மாளிகைக்குப் போயிருந்தது. வெர்சாயில் மன்னரின் கட்டிலில் வெறும் மெத்தை. விரிப்பு இல்லை, மாற்றிக்கொள்ளச் சட்டை இல்லை. ஐரோப்பாவே பார்த்துப் பெருமூச்சு விட்ட அரண்மனையில் அதன் சொந்தக்காரர் உறை இல்லாத மெத்தையில் ரத்தத்தோடு கிடக்கிறார். நம்மூர் ஸ்லீப்பர் பஸ்ஸில்கூட ஒரு போர்வை தருகிறார்கள் சார்.

கூப்பிடு பாதிரியாரை! கைக்குக் கிடைத்த பாதிரியாரைப் பிடித்து வந்தார்கள். பாவமன்னிப்பு கேட்டார். பிறகு தன்னுடைய வழக்கமான பாதிரியார் வந்ததும் இன்னொரு தடவை கேட்டார், சரக்கு அவ்வளவு இருந்தது. ராணியிடம் மன்னிப்பு. ராஜ்ய காரியங்கள் மகனிடம். கத்தியில் விஷம் தடவியிருக்குமோ என்று வேறு கிலி. வைத்தியர் காயத்தைச் சோதித்து, ஆழமில்லை என்றார். நீங்கள் நினைப்பதைவிட ஆழம், அது இதயம் வரை போயிருக்கிறது என்று மன்னர் பதில் சொன்னதாக ஒரு தகவல் உண்டு. சிவாஜி சார் பேசியிருந்தால் தியேட்டரே அழுதிருக்கும். வைத்தியர் பாவம், காயத்தைத்தான் பார்த்தார்.

இதில் ஒரு விஷயம். இந்தப் படம் ரீமேக்! 1744-ல் மெட்ஸ் நகரத்தில் லூயிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அப்போதும் இதே மரணப் படுக்கை, இதே பகிரங்க மன்னிப்பு, போதாததற்கு ஆசைநாயகியை ஊரைவிட்டே அனுப்பிய துறவு. பிரான்ஸே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது. மக்கள் உருகிப்போய் 'பேரன்புக்குரியவர்' என்று பட்டமே கொடுத்தார்கள். உடம்பு தேறியது. வருஷம் முடிவதற்குள் அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

பழைய படம் பார்த்த அனுபவம் கீழ்த்தளத்தில் குடியிருந்த மேடம் பாம்பதூருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். 1757-ன் ஆசைநாயகி அவர்தான். மேலே மன்னர் புனிதராகிக்கொண்டிருக்க, கீழே இவர் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று அழுதுகொண்டிருந்தார். மாஷோ என்ற மந்திரி வந்து, கிளம்பிவிடுவது உத்தமம் என்று ஆலோசனை சொன்னார். ஒரு தோழி மட்டும், எழுந்து போனால் ஆட்டம் போச்சு, உட்கார் என்றார். உட்கார்ந்தார். சில நாள் கழித்து மன்னர் எழுந்து நடமாடி, நேரே இவரைப் பார்க்க வந்தார். பிப்ரவரி 1-ம் தேதி வேலை போனது மந்திரி மாஷோவுக்கு. பேனாக்கத்தியால் நிஜமாக வெட்டுப்பட்டவர் அவர்தான்.

தாமியானுக்கு அந்த மார்ச் மாதம் பாரிஸ் நடுவீதியில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. தன் காயத்தை அவ்வளவு பெரிதாக நினைத்த ராஜ்யம், அதற்குத் தகுந்த தண்டனையைக் கொடுத்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ராஜாக்களை மட்டும் சொல்வானேன்? ஜான் கம்மிங்ஸ் என்று ஓர் அமெரிக்கக் கப்பல்காரர் இருந்தார். 1799-ல் பிரான்ஸின் ஹாவ்ர் துறைமுகத்துப் பக்கம் கரையிறங்கியபோது, ஒரு கூடாரத்தில் வித்தைக்காரன் கத்தி விழுங்குவதைப் பார்த்தார். கப்பலுக்குத் திரும்பிக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டதும், "அந்தப் பிரெஞ்சுக்காரன் என்ன பெரிய இவனா?" என்று கிளம்பிவிட்டார். சொந்த மடக்குக்கத்தியை எடுத்தார். வாயில் போட்டார். ஒரு மடக்குச் சாராயம். போய்விட்டது. கவனிக்க வேண்டியது, வித்தைக்காரன் செய்தது கண்கட்டு. நம் ஆள் மட்டும்தான் மெய்யாகவே விழுங்கினார்!

நண்பர்கள் என்ன செய்வார்கள்? "இன்னொண்ணு முடியுமா?" என்பார்கள். உலகத்தின் எல்லா ஆபத்துக்கும் பின்னால் இப்படிக் கேட்க ஒரு நண்பர் இருப்பார். கப்பலில் இருக்கிற கத்தியெல்லாம் கொண்டா என்றார் கம்மிங்ஸ். அன்றைக்கு மொத்தம் நாலு. பிறகு ஆறு வருஷம் யோக்கியமாக இருந்தார். 1805-ல் பாஸ்டனில் ஒரு மதுச்சபையில் பழைய பெருமையை எடுத்துவிட, ராத்திரி ஆறு, கூட்டம் கூடிவிட்டதால் மறுநாள் காலை எட்டு. அந்த லாட்டும் போக வேண்டிய வழியில் எப்படியோ போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றில் மாட்டிக்கொண்டு மறுபடி சவால், மறுபடி சாராயம், மறுபடி கத்திகள். மூன்று தடவையும் சேர்த்து 35-க்குக் குறையாது.

இந்தத் தடவை கத்திகள் வெளியே வரவில்லை. வலி தாங்காமல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றுக்குள் கத்தி இருக்கிறது என்றார். டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே வர இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பெருமையடித்த மனிதர் ஒரே ஒரு தடவை உண்மையை மட்டும் சொன்னார், அதை முதலில் யாரும் நம்பவில்லை. 1809-ல் இறந்தார். திறந்து பார்த்தபோது இரைப்பையில் முப்பதுக்கு மேற்பட்ட கத்தித் துண்டுகள். அலெக்சாண்டர் மார்செட் என்ற டாக்டர் இதை ஒரு மருத்துவக் கட்டுரையாகவே எழுதி வைத்தார். கம்மிங்ஸ் இருந்திருந்தால் அதை எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணியிருப்பார்.

இப்போது சுவிஸ் கத்தி. வராமல் இருக்குமா? சிவப்பு நிறம், வெள்ளைச் சிலுவை, மலைநாட்டு மானம். ராணுவம் புதுத் துப்பாக்கி வாங்கியது. அதைக் கழற்றி மாட்ட ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். டின் உணவைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். சரி, எல்லாம் மடங்குகிற மாதிரி ஒரு கத்தி கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். தேசத்தின் அடையாளமாகப் போகிற அந்தக் கத்தியின் முதல் 15,000 எங்கே தயாராயின தெரியுமா? ஜெர்மனியில், சோலிங்கன் ஊரில்! அவ்வளவு கத்தி செய்து கொடுக்க சுவிட்சர்லாந்தில் பட்டறை இல்லை.

கார்ல் எல்செனர் என்ற கத்திக்காரருக்கு இது பொறுக்கவில்லை. ஈபாக் கிராமத்தில் பட்டறை வைத்திருந்தவர். சக தொழிலாளிகளைச் சேர்த்துச் சங்கம் கட்டி, 1891-ல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். ஜெர்மன்காரன் விலையைக் குறைத்தான். சங்கத்தார் ஒவ்வொருவராக நழுவினார்கள். எல்செனர் கிட்டத்தட்டத் திவால். தேசபக்தி எல்லாருக்கும் உண்டு, நஷ்டம் வந்தால் கார்லுக்கு மட்டும்.

மனுஷர் யோசித்தார். சிப்பாய்க்கு ஸ்க்ரூட்ரைவர் சரி, ஆபீசர்களுக்கு என்ன தேவை? 1897-ல் பதிவு செய்த புது மாடலில் இன்னொரு சின்ன அலகும், ஒயின் பாட்டில் மூடியைப் பிடுங்கும் கார்க் ஸ்க்ரூவும் சேர்த்தார். ராணுவம் இதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. ஆபீசர்கள் சொந்தக் காசில் போய் வாங்கினார்கள். உலகம் 'ஆர்மி நைஃப்' என்று கொண்டாடுகிற சிவப்புக் கத்தி, ஆர்மி வேண்டாமென்று சொன்ன மாடலின் வாரிசு. எல்செனர் பிழைத்தது ஒயின் புண்ணியத்தில்.

அடுத்து உள்ளூர்ச் சண்டை. நாட்டின் பிரெஞ்சு பேசும் பகுதியில் வெங்கர் என்று இன்னொரு கம்பெனி. காவிரி தாவா மாதிரி ஆகிவிடாமல், 1908-ல் அரசாங்கம் ஆர்டரை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தது. ஒருவர் தன்னை 'ஒரிஜினல்' என்றார், மற்றவர் 'அசல்' என்றார். திருநெல்வேலியில் அல்வா வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. வெங்கர் ஒரு கட்டத்தில் 87 கருவிகள் கொண்ட ராட்சதக் கத்தி ஒன்றைச் செய்து கின்னஸில் இடம் பிடித்தது. கிலோவுக்கு மேல் எடை. அதை வைக்கிற பாக்கெட்டைத் தைக்கத்தான் டெய்லர் இல்லை.

ஆனால் ஒரு தடவையாவது இந்தக் கத்தி தன் சொந்தக்காரரின் கனவை நிறைவேற்றியது. 1995-ல் க்ரிஸ் ஹேட்ஃபீல்ட் என்ற கனடா விண்வெளி வீரர், அட்லாண்டிஸ் ஓடத்தில் ரஷ்யாவின் மீர் நிலையத்துக்குப் போனார். கோடிக்கணக்கான டாலர் செலவு. ரஷ்யப் பொறியாளர்கள் கதவைப் பிரமாதமாகக் கட்டி, ஒட்டி அனுப்பியிருந்தார்கள். திறக்கவில்லை. ஹேட்ஃபீல்ட் சுவிஸ் கத்தியை எடுத்தார், கட்டை அறுத்தார், நெம்பினார், உள்ளே போனார். யோசித்துப் பார்த்தால் அதுவும் பார்சல் பிரிக்கிற வேலைதான்.

பூமியில் நிலைமை வேறு. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் கத்தி கூடாது என்றானதும், ஏர்போர்ட் கடைகளில் பரிசாக விற்றுக்கொண்டிருந்த சின்னக் கத்திகளின் வியாபாரம் படுத்துவிட்டது. அதற்காக ஆளைக் குறைக்காமல், ஊழியர்களைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இரவல் கொடுத்துச் சமாளித்தார் எல்செனரின் வாரிசு. இந்தக் கட்டுரையில் நிஜமாகப் பெரிய மனிதர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் அவரைச் சொல்வேன். 2024-ல் அதே கம்பெனி, அலகே இல்லாத மாடலை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. கத்தி இல்லாத கத்தி!

2008-ல் சுவிஸ் ராணுவத்துக்குப் புதுக் கத்தி வந்தது. டெண்டர் எல்லா நாட்டுக்கும் திறந்துவிடப்பட்டதால், நம் கத்தியைச் சீனாக்காரன் செய்வதா என்று அங்கே ஒரே கொந்தளிப்பு. சோலிங்கனை அந்தக் கோபத்தில் மறந்திருப்பார்கள், விடுங்கள். கடைசியில் ஆர்டர் ஈபாக்குக்கே வந்தது. புது மாடலில் மரம் அறுக்கும் ரம்பம் உண்டு, பாட்டில் ஓப்பனர் உண்டு. கார்க் ஸ்க்ரூ அப்போதும் கொடுக்கவில்லை.

ஏர்போர்ட் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாவிக்கொத்தில் தொங்கும் அந்தக் குட்டிக் கத்தியைக் கழற்றி செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். செக்யூரிட்டிக்காரரிடம் வீரம் பேசினால் ஃப்ளைட் போய்விடும்.