ஏழரை அங்குல ஒட்டு
அமெரிக்காவில் குயில்ட் போர்வை தைக்கப் பழகுவோருக்கு ‘நைன் பேட்ச்’ கட்டம்தான் அரிச்சுவடி. கடையில் புத்தம்புதுப் பருத்தித் துணி வாங்கி, இரண்டரை அங்குலச் சதுரங்களாக ஒன்பது துண்டு போட வேண்டும். அதற்கென்றே உருளும் கத்தி, அளவுகோல், கத்திக்கு அடியில் விரிக்கப் பாய், எல்லாம் தனிச் செலவு. பிறகு கால் அங்குலம் உள்ளே விட்டு, மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்து, மறுபடி ஒரே துணியாக்க வேண்டும். மூன்று துண்டு சேர்ந்த ஏழரை அங்குலம் (சனியை இழுக்காதீர்கள்) ஆறரையாகச் சுருங்கும். இதற்குச் சிக்கனக் கலை என்று பெயர்.

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளைத்தான் ஒட்டுப் போட்டுப் போர்வையாக்கினார்கள், குளிருக்காக. அந்தப் போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. தைக்கக் கிளம்பியவர்களே, கடைக்குப் போகுமுன் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள்.